அழி என்றால் அழிய வேண்டும்

திருப்பூர் ராயபுரத்தின் பனியன் கம்பெனி அலுவலகங்களில் பீரோவின் வேலையைக் கூகுள் டிரைவ் போன்ற சேவைகள் எடுத்துக்கொண்டு வருகின்றன. பையரின் டெக் பேக் (ஆடை வடிவமைப்புக் குறிப்பு), மெஷர்மென்ட் சார்ட், சம்பளப் பட்டியல், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம் என எல்லாம் அங்கேதான் ஏறுகின்றன.

கோப்பு மட்டும் ஏறுவதில்லை. எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் திறந்தார்கள் என்பதும் பதிவாகிறது. டிரைவில் இருப்பதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்கிறது கூகுள். ஆனாலும், இத்தகைய சேவைகள் பலவற்றில் பூட்டும் சாவியும் நிறுவனத்தின் கையில்தான். 2018இல் வந்த அமெரிக்காவின் கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு நிறுவனங்களிடம் உள்ள தரவு எந்த நாட்டு சர்வரில் இருந்தாலும், உரிய ஆணையுடன் அமெரிக்க அரசு கேட்டுப் பெறலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாதங்கள் தரப்பட்டுள்ளன.

தாமதத்தைவிடப் பெரிய கேடு அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. தனிநபர் தரவையும் பயன்பாட்டுப் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது ஒரு விதி; அரசு கேட்டால் கொடுப்பதற்காக. வேலையை விட்டு நின்ற தொழிலாளி நாளை தன் ஆதார் நகலை அழிக்கச் சொன்னாலும், கம்பெனியால் உடனே அழிக்க முடியாமல் போகும். குற்ற விசாரணைக்குப் பதிவுகள் தேவை என்பார்கள். சந்தேகத்துக்குரியவரின் பதிவைக் காக்க நீதிமன்ற ஆணை போதும். அதற்காகக் குற்றமே செய்யாத கோடிக்கணக்கானவர்களின் நடமாட்டத்தைச் சேமித்து வைப்பது அந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்புக்கே முரணானது.

முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. தொழிலாளியின் தரவைச் சேமிக்கும் கம்பெனியும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. கடமைகள் நடைமுறைக்கு வந்தபின், பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லிங்க் கிடைத்தவரெல்லாம் பார்க்கக்கூடிய ஃபோல்டர்களை இன்றே மூடுங்கள். வேலையை விட்டுச் சென்ற மர்ச்சண்டைசரின் லாக்கினை நிறுத்துங்கள்.

ஓராண்டுக் கட்டாயத்தை மத்திய அரசு நீக்க வேண்டும். மக்கள் கேட்டால் தரவை அழிக்கும் கடமையை 2027 வரை தள்ளாமல் உடனே நடைமுறைப்படுத்த வேண்டும்.