ஒலி பெருகினால் மட்டும் போதுமா?

புத்தளக் கரையோரத்தில் உடப்பு திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவாயினும், முன்னேச்சரத்து உற்சவமாயினும், எமது கல்லூரிப் பரிசளிப்பு விழாவாயினும், நம்மவர் முதலில் நாடுவது ஒலிபெருக்கியையே. பின்வரிசையிலிருப்போர் கேட்கவில்லையென்றால் உடனே திருகி ஒலியைக் கூட்டுகிறோம். அவர்கள் முறையிடுவது ஒலி போதாமையையன்று, சொல் விளங்காமையை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழாசிரியராகிய எமக்கே இதன் காரணம் புலப்படச் சில காலஞ் சென்றது. உயிரொலி ஆற்றல் மிக்கது. க், ட், த் போன்ற மெய்யொலிகளோ மெல்லியன, கணப்பொழுதில் மறைவன. சுவரிலும் கூரைத் தகட்டிலும் மோதித் திரும்பும் உயிரொலி அடுத்துவரும் மெய்யை மூடிவிடுகிறது. இலக்கணத்தில் மெய்யை உயிர் இயக்கும், மண்டபத்திலோ விழுங்கும்! ‘பட்டு’ என்றாலும் ‘பத்து’ என்றாலும் கடைசி வாங்கில் ஒன்றே. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடுகிறது.

ஆதலின் ஒலியை வேண்டிய இடத்துக்கே செலுத்துதல் வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அமைத்த நெடும்பெட்டி அதனைச் செய்யும். நேர்முன்னே இருப்பவருக்கு எல்லாவற்றின் அலைகளும் ஏறத்தாழ ஒருங்கே வந்து வலுச்சேர்க்கின்றன. கூரைப்பக்கம் அவை முன்பின்னாய்ச் சென்று ஒன்றையொன்று அழிக்கின்றன. பக்கவாட்டில் அவ்வழிவு இல்லை. எனவே கிடையாகப் பிடித்த விசிறிபோல் ஒலி அவையோர்மேல் பரவும். எதிரொலிக்குப் பேர்போன இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்திலேயே இத்தகைய பெட்டிகளைக் கொண்டு பேச்சை விளங்கச் செய்தனர்.

இதனை அறியாக் காலத்தில் யாமே அத்தகைய பெட்டியொன்றை, மேடைக்கு அழகாயிருக்கட்டுமென்று, திரைக்கு மேலே குறுக்கே கிடத்தினோம். விசிறி நிமிர்ந்துகொண்டது. கூரை கேட்டது, இருமருங்கும் இருந்த பெற்றோர் கேட்டிலர்.

இதற்கும் எல்லையுண்டு. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாகலின், செக்கனுக்கு 340 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 1 மீற்றர். 1 மீற்றர் உயரப் பெட்டி அதனினும் தாழ்ந்த மீடிறன்களை அடக்காது. தவிலின் அடித்தொனி எப்பக்கமும் பரவியே தீரும். 3400 அதிர்விலோ அலைநீளம் 10 சதமமீற்றரே. ஒலிபெருக்கிகள் அதனினும் விலகி நின்றால் கூரிய ஒலிகள் வேண்டாத திசைகளிலும் கிளைக்கும். அவை சிறியனவாய் நெருங்கி நிற்கவேண்டுமென்பது இதனாலேயே.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாதென உயர் நீதிமன்றம் 2007 இல் விதித்தது. பகலில் மட்டும் அயலில் நோயாளர் இல்லையா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இல்லையா?

மண்டபத்துக்கு நான்கு புனல்வாய் ஒலிபெருக்கிகள் வழங்க முன்வந்துள்ள பழைய மாணவர்களுக்கு எமது விண்ணப்பம் இது. அவற்றுக்குப் பதிலாக இரண்டு நெடும்பெட்டிகள் தாருங்கள். மேடையின் இருபுறமும், அமர்ந்திருப்போர் செவிக்குச் சற்று மேலே, நிமிர்த்தி நிறுத்துவோம். பின்னர்க் கடைசி வாங்கில் ஒரு சிறுவனை இருத்தி, ‘பட்டு’, ‘பத்து’ என இரண்டையும் சொல்லிப் பார்ப்போம்.