பட்டம் இருக்கிறது, அனுமதி இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பண்டபெர்க் அரசு மருத்துவமனையில் 2003-ல் அறுவை சிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார் ஜெயந்த் படேல். கல்லீரல், கணைய அறுவை சிகிச்சைகளை அவர் செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவ வாரியம் 2000-லேயே தடை விதித்திருந்தது. படேல் அதை மறைத்தார். ஓரிகன் அனுப்பிய சான்றில் அவர்மீது ஓர் உத்தரவு இருப்பதாகக் குறிப்பு இருந்தது. அதன் இணைப்பு எங்கே என்று குயின்ஸ்லாந்து மருத்துவ வாரியம் கேட்கவில்லை. வந்த வேகத்தில் படேல் அறுவை சிகிச்சைத் துறைக்கே தலைவரானார்.

வாரியம் கோட்டைவிட்டதை மருத்துவமனையாவது பிடித்திருக்க முடியும். ஒரு மருத்துவரின் படிப்பு, அனுபவம், பழைய புகார்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து, எந்தெந்தச் சிகிச்சைகளை அவர் இங்கே செய்யலாம் என்று வரையறுக்கும் குழு, மாநிலச் சுகாதாரத் துறை விதியிலேயே உண்டு. படேலுக்காக அந்தக் குழு ஒருமுறைகூடக் கூடவில்லை.

‘இங்கே’ என்பதுதான் முக்கியம். படேல் அங்கே செய்தவற்றில் ஒன்றான, புற்றுநோய் கண்ட உணவுக்குழாயை அகற்றுவது மிகப் பெரிய அறுவை சிகிச்சை. நோயாளி பல நாள் வென்டிலேட்டரில் இருக்க நேரலாம். பண்டபெர்க் தீவிர சிகிச்சைப் பிரிவோ ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது; அதற்குள் பிரிஸ்பேனுக்கு மாற்றியாக வேண்டும். கைதேர்ந்த நிபுணருக்கே அங்கு இந்த அனுமதி கிடைத்திருக்கக் கூடாது. அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியர் டோனி ஹாஃப்மன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2005-ல் ஹெட்லி தாமஸ் என்ற பத்திரிகையாளர் படேலின் பெயரைக் கூகுளில் தேடினார். ஓரிகன் தடை வெளியே வந்தது.

நோயாளிகளின் மரணங்களுக்காகப் படேலுக்கு 2010-ல் கிடைத்த தண்டனையை உயர் நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்தது. பதிவு பெறச் செய்த மோசடியை மட்டும் பின்னர் ஒப்புக்கொண்டார். கூடாத குழுவுக்கு நீதிமன்றத்தால் தண்டனை தர முடியாது.

இந்தியாவில் மருத்துவமனைகளுக்கான என்ஏபிஹெச் தர அங்கீகாரத்துக்கும் இந்தச் சரிபார்ப்பும் அனுமதியும் கட்டாயம். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தூசி தட்டும் கோப்பாக அது கிடக்கக் கூடாது. பட்டமளித்த இடத்திலேயே நேரடியாகக் கேட்டுச் சரிபாருங்கள். யாருக்கு எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்ற பட்டியலை அறுவை அரங்கச் செவிலியரின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பட்டியலில் இல்லாத அறுவை சிகிச்சையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள்.