சீமெந்தும் சிந்தனைச் சோம்பலும்

"வறிய நாடுகள் வீடு கட்டுவதா, வளிமண்டலத்தைக் காப்பதா?" என்னும் வினாவை நம் பொறியியலாளர் சிலர் மேடைதோறும் எழுப்பிக் கைதட்டல் பெறுகின்றனர். மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து நியாயமான வினாவே. புகை கக்கி வளம் பெற்ற நாடுகள் இன்று நமக்கு உபதேசிக்க வருவதை எவர்தான் பொறுப்பர்? எனினும், இவ்வினாவின் பின்னே ஒளிந்திருப்பது ஏழைகள்பாற் கொண்ட பரிவன்று. பழகிய தடத்தை விட்டு விலக விரும்பாத சோம்பலேயாகும்.

சீமெந்தாலையின் குற்றமெல்லாம் நிலக்கரியின் குற்றமென்றே பலர் எண்ணுகின்றனர். அது பாதியுண்மைகூட அன்று. சூளையிற் சுடும்போது சுண்ணாம்புக்கல்லே காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. 100 தொன் தூய கல்சியங் காபனேற்றுச் சிதைந்தால் எஞ்சும் சுண்ணாம்பு 56 தொன். மீதி 44 தொன்னும் வாயுவாகிப் போகின்றது. ஆலை வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 60 வீதம் இவ்வாறு கல்லிலிருந்தே வருவதாகும். ஞாயிற்றொளியாற் சூளையை மூட்டினும் இப்பங்கு குறையாது. 1950இல் தொடங்கி 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறை ஆலைக்காக அகழ்ந்த குழிகளை நாம் அறிவோம். அக்கல்லின் ஒரு பகுதி கட்டடமாயிற்று. மற்றொரு பகுதி காற்றோடு கலந்தது என்பதைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே, குறைக்கப்படவேண்டியது கல்லைச் சுட்டுப் பெறும் கிளிங்கரே. நோர்வேயின் பிரெவிக் ஆலை 2025இல் தொடங்கியதுபோல வாயுவைப் பிடித்துக் கடலடியிற் புதைப்பதும் ஒரு வழிதான். அந்நியச் செலாவணிக்குத் தவிக்கும் நாடுகளுக்கு அது எட்டாதது. மறுவழியோ வர்த்தகத் தடையால் நலிந்த கியூபாவிற் பிறந்தது. அந்நாட்டு ஆய்வாளர் சுவிற்சர்லாந்து ஆய்வாளரோடு இணைந்து 2013இல் சிகுவானே ஆலையிற் களிமண்ணைச் சுட்டுச் சீமெந்திற் கலந்து காட்டினர். கிளிங்கர் 50, சுட்ட களி 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 வீதம், கலவை இவ்வளவே. கிளிங்கருக்கு 1450 பாகை வெப்பம் வேண்டும். களிக்கு 800 பாகை போதும். களி சுடுகையில் தன்னிடமிருந்து வெளிவிடுவது பெரும்பாலும் நீராவியே. இதனாற் காபனீரொட்சைட்டு 30 முதல் 40 வீதம்வரை குறைகின்றது. முதலிரு நாள்களில் வலிமை சற்றுக் குறைவென்பது மெய். தக்க களியாயின் ஒரு வாரத்தில் அக்குறை நீங்கிவிடும்.

களிக்கு நாம் எங்கே போவது என்பார்க்குப் பொரலஸ்கமுவையும் மீட்டியாகொடையும் விடை கூறும். பீங்கானுக்கு உதவாத தரங்குறைந்த கயோலினும் இதற்கு ஏற்றதே.

தடை மண்ணிலில்லை, கேள்விப்பத்திரத்தில் உள்ளது. "சாதாரண போட்லண்ட் சீமெந்து" என்ற வரி பழைய பத்திரத்திலிருந்து புதியதற்குப் பிரதி செய்யப்படுகின்றது. மாடிக் கட்டடத்தின் தூணுக்கும் மதிற் பூச்சுக்கும் ஒரே சீமெந்து எதற்கென எவரும் வினவுவதில்லை. அவ்வரியை நாளை எழுதப்போகின்றவர்கள் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கின்றனர். கொங்கிறீற்று ஆய்வுகூடத்தில் அவர்கள் அமுக்கி உடைக்கும் கனக்குற்றிகளுள், வரும் ஆண்டிலாவது, சுட்ட களியிட்ட ஒன்று இருக்குமா?