சைக்கிளில் லே செல்லும் நண்பர்களுக்கு

தேர்வு முடிந்து விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் விடுதிகளில் ஒரு பேச்சுக் கிளம்புகிறது. மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அப்பேச்சு. நல்ல ஆசைதான். ஆனால் அடுத்த வாரமே அது கடைப் பட்டியலாக மாறிவிடுகிறது. வெளிநாட்டுக் கியர், எண்ணெய் பிரேக், எடையில்லாக் கூடாரம் எனக் கணக்குப் போட்டு, ஓராண்டு உதவித்தொகையும் போதாது என்று தெரிந்ததும், பணமுள்ள இருவர் புறப்படுகின்றனர். மற்றவர் ஒதுங்கிக் கொள்கின்றனர். இது தேவையற்ற இழப்பு என்பது என் கருத்து. சென்ற ஆண்டு நம் சங்கத்து நண்பர் மூவருடன் அவ்வழியே சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய ரோதாங் கணவாய் வழியே சென்றால் லே 470 கிலோமீட்டருக்கு மேல். கணவாய்கள் ஐந்து. இறுதியில் வரும் தங்லாங் லா 5,300 மீட்டருக்கும் அதிக உயரம். கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே அங்கு உண்டு. இத்தகைய இடத்தில் ஒரு பொருளை மதிப்பிட ஒரே கேள்வி போதும்: இது கெட்டால் வழியில் யார் சரிசெய்வார்?

ட்யூபின் வால்வையே எடுத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த சைக்கிள்களில் மெல்லிய பிரெஞ்சு வால்வு இருக்கும். லாரிக்குக் காற்றடிக்கும் கடையில் அதற்கு வாய் பொருந்தாது. சிறு பித்தளைத் திருகு ஒன்று இடையில் வேண்டும். மோட்டார் சைக்கிளில் உள்ள தடித்த வால்வாயின் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். எண்ணெய் பிரேக்கும் அப்படியே. நன்றாகப் பிடிக்கும், ஆனால் குழாயில் காற்றுப் புகுந்தால் அம்மலையில் மருந்தில்லை. கம்பி பிரேக் அறுந்தால் வேறொரு கம்பியை ஐந்து நிமிடத்தில் மாட்டிக் கொள்ளலாம்.

1963-இல் டெர்வ்லா மர்ஃபி என்ற ஐரிஷ் பெண்மணி ஐரோப்பாவிலிருந்து சைக்கிளிலேயே டெல்லிக்கு வந்தார். ஆசியச் சாலைகளைத் தாங்காது என்று கருதித் தம் சைக்கிளின் மூன்று வேகக் கியரைப் புறப்படுமுன்பே கழற்றிவிட்டார். உதிரி டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தார். தங்லாங் லா ஏறுவோரைக் கியரைக் கழற்றச் சொல்லமாட்டேன், முழங்கால் நமதல்லவா! அவருடைய சிந்தனையைத்தான் பாராட்டுகிறேன்.

உணவு மூட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பருவக் காலத்தில் தார்ச்சா, சிங்சிங்பார், சர்ச்சு, பாங் ஆகிய இடங்களில் கூடார டாபாக்கள் உண்டு. சோறும் பருப்பும் கிடைக்கும், படுக்கவும் இடமுண்டு. அடுப்புச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அதைச் சுமந்ததோடு சரி. கையுறை, மழைச்சட்டை, கறுப்புக் கண்ணாடி இவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இனி, வழி. இருப்பது ஒரே நெடுஞ்சாலை. தவறிப்போக இடமே இல்லை. பின் வரைபடம் எதற்கு என்பீர்கள். அடுத்த நீர் எங்கே, அடுத்த படுக்கை எங்கே, அதற்குள் எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்காக. கைப்பேசி "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று சொல்லும். காட்டா வளைவுகளில் அந்தக் கிலோமீட்டர் 21 கொண்டை ஊசிகளாக மடிந்து மேலே ஏறுவது அந்த எண்ணில் தெரியாது. பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்காலளவும் பிற்பகலில் முழங்காலளவும் ஓடுவதும் தெரியாது. ஓடையைக் காலையிலேயே கடக்க வேண்டும் என்பது எங்களுக்கு ஒரு டாபாக்காரர் சொன்னது.

சிங்சிங்பாரில் வேறொரு குழுவைக் கண்டோம். அதில் ஓர் இளைஞருக்குத் தலைவலி, வாந்தி. குழுத் தலைவர் கைப்பேசியை நீட்டி, "கணவாய்க்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லையே" என்றார். மலைநோய் கண்டவனுக்கு வழி மேலே இல்லை, கீழே இருக்கிறது. டாபாக்காரரும் நாங்களும் வற்புறுத்தி, கேலாங் திரும்பும் ஒரு லாரியில் அவரை ஏற்றி அனுப்பினோம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் சர்ச்சு சென்றால் ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்! ஆகவே பயணத் திட்டத்தைத் தூரத்தால் வகுக்காமல் உயரத்தால் வகுக்க வேண்டும்.

கைப்பேசியை விட்டுவிடச் சொல்லவில்லை. கோபுரம் இல்லாத இடத்திலும் அது செயற்கைக்கோள் வழியே இருக்குமிடத்தைக் காட்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. குளிரில் மின்கலம் விரைவில் தளரும். இரவில் உறக்கப் பைக்குள் வைத்துக் கொள்ளுங்கள். மேனாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அரசின் அனுமதியின்றி அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

நாங்கள் நம்பியது ஓர் அட்டையை. ஊர், உயரம், இடைத்தூரம், நீர், படுக்கை என ஐந்து பத்தியில் கையால் எழுதி, கைப்பிடியில் கட்டியிருந்தோம். மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போனோம். அந்த அட்டை இப்போது சங்கப் படிப்பறையில், தமிழ் அகராதிக்கு அருகில் இருக்கிறது. வரும் ஜூனில் செல்வோர் படியெடுத்துக் கொள்ளலாம். ஒரு சோடிப் பக்கப்பைகளும் ஒரு கைப்பம்பும் என்னிடம் உண்டு, கேட்பவர்க்குத் தருவேன்.