வாத்தியாரையும் உள்ளே கூப்பிடுங்கள்!

சென்னை சர்தார் படேல் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸில் போகிறார்கள். ஐ.ஐ.டி.க்கு எதிர்ப்பக்கம் பெரிய காம்பவுண்டுச் சுவர். உள்ளே இருப்பது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் உருவானது. 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் பலியான விஞ்ஞானி நாயுடம்மா தலைமை வகித்த இடம். நகரத்து விஞ்ஞான வாத்தியார்களில் எத்தனை பேர் அந்த கேட்டைத் தாண்டியிருப்பார்கள்?

"புரோட்டீன்னா என்ன சார்?" என்று பையன் கேட்கிறான். வாத்தியார் போர்டில் நாலு வரி எழுதிப் போடுகிறார். பையன் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறான். அவ்வளவுதான்!

அதே வாத்தியார் ஒரு வாரம் அந்த நிலையத்தில் நின்று வேலை பார்த்தால் கதையே வேறு. பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால், சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் சுருண்டு போகும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ கொதிக்கிற நீரையே தாங்கும். தோலில் உள்ள கொலாஜன் என்கிற புரோட்டீன் இழைகளைக் குரோமியம் பிணைத்துக் கட்டிவிடுகிறது. காலில் போடுகிற செருப்புக்குள் இத்தனை கெமிஸ்ட்ரி! தன் கையால் செய்து பார்த்தவர் சொன்னால் கடைசி பெஞ்சுக்காரனும் காது கொடுப்பான்.

தரமணியில் கட்டிடங்களின் உறுதியைச் சோதிக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பூகம்பம் மாதிரியே குலுக்கிக் காட்டும் மேடை அங்கே உண்டு. அதிர்வுப் பாடத்துக்கு அதைவிட நல்ல போர்டு ஏது?

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் மத்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 'ஜிக்யாசா' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளோடு கைகோர்த்தது. அப்போது அறிவித்த இலக்கு என்ன தெரியுமா? வருஷத்துக்கு 1 லட்சம் மாணவர்கள். ஆசிரியர்கள் சுமார் 1,000 பேர்தான்!

இந்தக் கணக்குத்தான் தலைகீழ். பிள்ளைகள் பஸ்ஸில் வந்து, சுற்றிப் பார்த்து, டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்பார் யார்? ஆனால் ஒரு வாத்தியாருக்கு 5 வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்று வையுங்கள். வருஷம் 200 பேர். 20 வருஷத்தில் 4,000 பேர். ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் 4,000 பேருக்குப் போய்ச் சேரும்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக்கூடம் 1998 முதல் பள்ளி ஆசிரியர்களை அழைத்துத் தங்கவைத்துப் பயிற்சி தருகிறது. நாடுவாரியாக நடக்கும் முகாம்களில் அவரவர் தாய்மொழியிலேயே விஞ்ஞானிகள் பேசுகிறார்கள். அடையாறிலும் தரமணியிலும் தமிழ் பேசும் விஞ்ஞானிகளுக்கா பஞ்சம்? கார்ப்பரேஷன் பள்ளி வாத்தியாருக்குத் தமிழில் விளக்கினால் ஆராய்ச்சி ஒன்றும் குறைந்து போகாது.

"பள்ளி நாளில் வாத்தியார் போய்விட்டால் வகுப்பை யார் எடுப்பது?" என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று ஏற்கெனவே வாத்தியார் பாதி நாள் வெளியேதான். அப்படியானால் மே மாதம் இருக்கிறதே! லீவில் வருவார்களா என்று சந்தேகமா? அந்த நாட்களுக்கு ஈட்டு விடுப்பு, பஸ் செலவு, மத்தியானச் சாப்பாடு, இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்து, முதல் தடவை 30 பேரைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.