ராம்சேக்குக் கிடைத்த எட்டு வருடம்

1966இல் இங்கிலாந்துக்குக் கால்பந்து உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த அல்ஃப் ராம்சே, ஆடிய காலத்தில் வேகம் குறைந்த வலது பின்கள வீரர். ஓடிப் பிடிக்க முடியாததை, எங்கே நிற்பது என்ற கணிப்பால் ஈடுகட்டியவர். 1950இல் அமெரிக்காவிடம் 1-0, 1953இல் ஹங்கேரியிடம் 6-3 என இங்கிலாந்து தலைகுனிந்த இரண்டு நாளும் அவர் களத்தில் இருந்தார். 1955இல் அவர் கையில் கிடைத்தது மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிட்ட இப்ஸ்விச் டவுன். அங்கே ஜிம்மி லெட்பெட்டர் என்ற இடது ஓர வீரர், அவரும் ஓட்டத்தில் மந்தம். ராம்சே அவரைக் கழிக்கவில்லை, பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். அவரைத் தேடி எதிரணிப் பின்கள வீரர் முன்னேறினால், அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் வெளி திறக்கும். பந்து அங்கே விழும். ரே குரோஃபோர்டும் டெட் ஃபிலிப்ஸும் 1961-62 லீக்கில் 61 கோல் அடித்தார்கள். முதல் பிரிவில் ஆடிய முதல் பருவத்திலேயே இப்ஸ்விச் சாம்பியன். பின்கள வீரன் எதற்குப் பயப்படுவான் என்பது பின்கள வீரனுக்குத்தான் தெரியும்.

அந்த அறிவு முழுப் பலன் தர ஏழு பருவம் பிடித்தது, கழகம் பொறுத்திருந்து அவரை ஏறத்தாழ எட்டு வருடம் வைத்திருந்தது. இலங்கையில் நாம் பொறுப்பதில்லை. நிசாம் பக்கீர் அலி நம் நாட்டின் முன்னாள் பின்கள வீரர். எண்பதுகளில் டாக்கா அபஹானிக்கு ஆடி, பங்களாதேஷில் பயிற்றுவிப்பாளராக வளர்ந்தவர். 2018இல் தேசிய அணி அவரிடம் வந்தது. 2019 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கொழும்பில் வட கொரியாவிடம் ஒரே கோலால்தான் தோற்றோம். தென் கொரியா எட்டு அடித்தது. 2020இல் அவர் பதவியில் இல்லை. பிறகு வெளிநாட்டவர் வந்தார்கள், போனார்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா நமது சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. நோய் நிர்வாகத்தில் இருக்கும்போது ஆளை மாற்றுவது மருந்தல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாரா என்று கேட்பது நியாயமே. பெரிய ஆட்டக்காரரான பொபி சார்ல்டனின் பொறுப்பில் பிரெஸ்டன் அணி 1974இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஆனால் யாருக்கு அந்தக் கை இருக்கிறதென்று அறிய, சிறுவர் அணியும் கீழ்ப்பிரிவு அணியும் வேண்டும். தேசிய அணியில் வைத்துச் சோதிப்பது அவருக்கும் அணிக்கும் அநியாயம். நவீன ஆட்டத்துக்குச் சான்றிதழ் தேவை என்பதும் உண்மை. ஆசியச் சம்மேளனத்தின் ‘டி’ உரிமத்தில் தொடங்கும் படிகள் இருக்கின்றன. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் படிக்க வருபவருக்குச் செலவை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

மஹய்யாவ போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஆடி ஓய்ந்தவர்களிடமிருந்து பயிற்றுவிப்பாளரை உருவாக்கக் கண்டி தொடங்கலாம். மாநகர சபை மைதானமும் மாதப் படியும் தரட்டும். சம்மேளனம் ‘டி’ உரிம வகுப்பைத் தமிழிலும் நடத்தட்டும். அப்படி வருகிறவர்களை முதல் தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.