சுன்னத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பள்ளி லீவு நெருங்கினாலே வரும் கேள்வி இது: "பையனுக்கு சுன்னத் செய்யணும், மெடிக்கல் பாலிசியில் கிளெய்ம் பண்ணலாமா?"

மார்க்கக் கடமைக்காக என்றால் பொதுவாகக் கிடைக்காது. நோய்க்காக டாக்டர் சொன்னால் கிடைக்கலாம். ஆபரேஷன் ஒன்றுதான், காரணம்தான் வேறு.

பாலிசி என்ன சொல்லுது?

பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் விருத்தசேதனம் இருக்கும். கூடவே, "நோய் சிகிச்சைக்கோ விபத்தாலோ தேவைப்பட்டால் தவிர" என்ற வரியும் இருக்கும். ஃபைமோசிஸ் எனும் முன்தோல் இறுக்கம், திரும்பத் திரும்ப வரும் தொற்று எல்லாம் இதில் வரும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்ம ஊர்க் குடும்பங்களுக்கும் இது புதுசு இல்லை. பிரான்ஸ் அரசுக் காப்பீடும் மருத்துவக் காரணத்துக்குத்தான் பணம் தரும், சடங்குக்குத் தராது.

"ஃபைமோசிஸ்னு எழுதிக்கலாமே?"

வேண்டாம். இதில் நான் கறார். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மோசடி நிரூபணமானால் அது செல்லாது. சில ஆயிரத்துக்காகப் பொய் சொல்லி மாட்டினால், மொத்தக் குடும்பத்தின் பாலிசியும் ரத்தாகலாம். நாளைக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றால் யார் கொடுப்பாங்க?

நிஜமாகவே நோய் என்றால்

விடாதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் ஆபரேஷன் பெயர் போதாது. நோயின் பெயர், முன்பு போட்ட களிம்பு, தேதிகள் எல்லாம் இருக்கணும். டே கேர் பட்டியலில் இந்த ஆபரேஷன் இருக்கா, குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் வருதா என்று பாருங்க. அந்தக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம்.

நியாயமான கிளெய்மை மறுத்தால், முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் கிடையாது. புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குச் சென்னை அலுவலகம், மாஹேக்குக் கொச்சி.

எப்போ செய்வது?

பச்சைக் குழந்தைக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தே செய்வாங்க. வளர்ந்த பையனுக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். அங்கேதான் மயக்க டாக்டர், தியேட்டர் என்று பில் ஏறும். சடங்கு எப்படியும் செய்யப்போறீங்க என்றால், டாக்டரிடம் கேட்டுச் சீக்கிரம் முடிப்பது செலவுக்கு நல்லது.

ஆனால் சிறுநீர்த் துவாரம் கீழ்ப்பக்கம் இருந்தால் நிறுத்துங்க. அதைச் சரிசெய்ய அந்த முன்தோல் தேவைப்படலாம். சடங்கு இல்லாத வீடுகளுக்கு ஒரு சேதி: சின்ன வயதில் தோல் இறுக்கமா இருப்பது பெரும்பாலும் இயல்பு, பலருக்குத் தானாகவோ களிம்பிலோ சரியாகும். அவசரப்பட்டுக் கத்திக்குப் போகாதீங்க.

பணத்துக்கு வழி

டாக்டர், தியேட்டர், மயக்கம், ஸ்டேப்ளர் கருவி என்று பிரித்துக் கொட்டேஷன் வாங்குங்க. 24,000 ரூபாய் என்றால் மாதம் 2,000 வீதம் ஒரு வருட ஆர்.டி. போதும். மருத்துவத் தேவை என்றால் குருசுக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்திரா காந்தி அரசு மருத்துவமனை கிட்டத்திலேயே இருக்கு, ஜிப்மரில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையும் இருக்கு. முதலில் அங்கே காட்டுங்க.

விருந்துக்கு வேறு கணக்கு போடுங்க. பல வீட்டில் ஆபரேஷனை விட பிரியாணி பில்தான் பெரிசு. அதுக்குக் கடன் வாங்காதீங்க!